எஞ்சினைத் துடையுங்கள், குளிப்பாட்டாதீர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தமிழகத்தின் எந்த ஊர் வாட்டர் வாஷ் ஷெட்டுக்குப் போனாலும் வண்டிகளின் வரிசை தெரு வரை நிற்கும். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைக்கப்போகிற கார் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வெளிப்புறத்தை நுரை போட்டுக் கழுவி முடித்ததும், "எஞ்சினையும் அடிச்சிடலாமா சார்?" என்று ஒரு கேள்வி வரும். உரிமையாளர் யோசிக்காமல் தலையாட்டுவார். பானெட் திறக்கும். சற்றுமுன் சாலையிலிருந்து வந்து இன்னும் சூடு தணியாத எஞ்சின்மீது, டயரில் ஒட்டிய சேற்றைப் பெயர்க்கும் அதே வேகத்தில் தண்ணீர் பாயும்.

அந்தத் தலையாட்டலை நிறுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. எஞ்சின் பகுதியைச் சுத்தமாக வைத்திருப்பது அவசியம்தான். ஆனால் அதற்கு ஏற்ற இடம் வீட்டு வாசல். ஏற்ற கருவிகள் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியும்.

எஞ்சினைத் தண்ணீரால் அடிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அம்பாசிடரின் பானெட்டுக்குள் இருந்த வயர்களை ஒரு கையில் பிடித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். அந்த அம்பாசிடரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் அமலில் உள்ளன. உள்ளே போகும் காற்று, எரியும் எரிபொருள், வெளியேறும் புகை எல்லாவற்றையும் அளந்து சொல்ல இன்றைய கார்களில் சென்சார்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கனெக்டர். இவற்றையெல்லாம் ஆளும் ஈசியூ என்ற கணினிப் பெட்டியும் பல கார்களில் பானெட்டுக்குள்தான் இருக்கிறது.

மழையில் ஓடும் கார் நனையத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மழைத்தண்ணீரும் சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் வரும் என்று கணக்கிட்டுத்தான் கனெக்டர்களுக்கு ரப்பர் சீல் வைக்கிறார்கள். ஐபி-67 என்ற தரக்குறியீடு உள்ள கருவி, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் அருகிலிருந்து பீய்ச்சும் அழுத்தத்தைத் தாங்குவதற்கு அந்தக் குறியீடு உத்தரவாதம் தருவதில்லை. அதற்கு வேறு சோதனை, வேறு தரம். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் பிரஷர் வாஷர்களிலேயே 100 பார் அழுத்தம் சர்வசாதாரணம்.

அந்த அழுத்தம் என்ன செய்யும் என்பதை நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் பல கார்களில் நான்கு இக்னிஷன் காயில்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஆழமான குழிக்குள் இறங்கி, அடியிலுள்ள ஸ்பார்க் பிளக்கைக் கவ்வியிருக்கும். குழியின் வாயை அடைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்து அது விறைத்துப் போயிருக்கும். பீய்ச்சிய தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் எளிதில் வெளியேறாது. பிளக்கின் முனையில் பொறியாக வேண்டிய பல்லாயிரம் வோல்ட் மின்சாரம், ஈரத்தின் வழியே எஞ்சினின் உடம்புக்குக் கசிந்துவிடும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், சிக்னலில் நின்றால் நடுங்கும், செக் எஞ்சின் விளக்கு மினுக்கும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுக்கும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் காயில் மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.

"பத்து வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையாகவே சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கனெக்டருக்குள் புகுந்த ஈரம் அன்றே வேலையைக் காட்டுவதில்லை. செம்பு முனைகள் மெல்ல மெல்லப் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒரு நாள் வண்டி காரணமே தெரியாமல் வழியில் நிற்கும். அப்போது பழைய வாட்டர் வாஷை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 'சென்சார் போச்சு' என்ற பில்தான் கைக்கு வரும்.

தண்ணீரைவிட ஆபத்தானது, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ ஊற்றும் பழக்கம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். பேட்டரி முனையில் ஸ்பேனர் உரசி எழும் ஒரு பொறி அதற்குப் போதும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் பற்றாது. ஆனால் கூலண்ட் ஓடும் ரப்பர் குழாய்களை ஊறவைத்து வலுவிழக்கச் செய்யும்.

வீட்டில் செய்யும் முறை எளிது. முதல் விதி, எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். ஓடும்போது கூலண்டின் சூடு 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடோ பல நூறு டிகிரியைத் தொடும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வதே உத்தமம். சாவியை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால், அதை அணைத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் போகும் வழி. அவற்றையும் அவை போய்ச் சேரும் பெட்டிகளையும் தொடவே கூடாது.

அடுத்து, காய்ந்த தூசியைக் காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். முதலிலேயே நனைத்தால் தூசி சேறாகி இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் வேப்பிலையும் புங்கம்பூவும் அடைந்து கிடக்கும். அங்குள்ள வடிகால் துளை அடைபட்டால் மழைத்தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கும். அந்தக் குப்பையைக் கையால் அள்ளி எடுப்பது பத்து நிமிட வேலை.

எண்ணெய்ப் பிசுக்குக்கு நீரில் கரையும் டீகிரீசர் போதும். அதை எஞ்சின்மீது அடிக்காமல், துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டரின் காற்று வழி, கனெக்டர்கள் பக்கம் ஈரமே போகக்கூடாது. பெல்ட்டில் டீகிரீசரோ பளபளப்பு ஸ்பிரேயோ பட்டால் வழுக்கும். பேட்டரி முனையில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் கையுறை போட்டு, முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதுவே கடைசி. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் அமிலப் பூச்சு நுரைத்து நீங்கிவிடும். முடிந்ததும் துணிகளை எண்ணிப் பார்த்துவிட்டே பானெட்டை மூட வேண்டும். மறந்துபோன ஒரு துணி எக்ஸாஸ்ட்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

இப்படிக் கையால் துடைப்பவர்தான் எஞ்சினைப் பார்க்கிறார். இந்தக் கட்டுரை வலியுறுத்துவதும் அதைத்தான். டேப்பட் கவர் ஓரத்தில் புதிதாகக் கசியும் ஆயில், குழாய் இணைப்பில் காய்ந்து படிந்திருக்கும் கூலண்ட் தடம், வெடித்த பெல்ட், எலி கடித்த வயர் எல்லாம் துணி போகும் வழியில் கண்ணில் படும். பீய்ச்சி அடித்த தண்ணீர், கசிவின் தடயத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். எலிப் புழுக்கையோ கூடோ தென்பட்டால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். எலியின் சிறுநீர் வழியாக எலிக் காய்ச்சல் பரவக்கூடும்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. எஞ்சினைத் துடைக்க அரை வாளி போதும். ஆயில் கலந்த கழிவு தெரு மழைநீர் வடிகாலில் ஓடவும் ஓடாது.

வெள்ளத்தில் மூழ்கிச் சேறு அப்பிய கார், ஆயில் கொட்டி நனைந்துபோன எஞ்சின் போன்றவற்றுக்குத் தண்ணீர் தேவைப்படும். அது விவரம் தெரிந்தவர்கள், மின்பகுதிகளை மூடிக் கட்டி, குறைந்த அழுத்தத்தில் செய்ய வேண்டிய வேலை. வெள்ளத்தில் நின்ற காரை வீட்டில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதே தவறு. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடைத்தான் வளைக்கும்.

இதில் ஷெட் ஊழியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் தலையாட்டியதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். மாற்றம் வர வேண்டியது மேலிருந்து. சர்வீஸ் நிலையங்கள் எஞ்சின் வாஷை வழக்கமான கழுவலோடு சேர்க்காமல், ஆபத்தைச் சொல்லி, ஜாப் கார்டில் தனியே கையெழுத்து வாங்க வேண்டும். கார் நிறுவனங்கள் பானெட்டுக்குள் ரேடியேட்டர் மூடிக்கும் ஃபேனுக்கும் எச்சரிக்கைச் சின்னம் ஒட்டுகின்றன. அதே இடத்தில், எந்தெந்தப் பகுதியில் தண்ணீர் படக்கூடாது என்று படத்தோடும் தமிழிலும் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்ட அவர்களுக்குப் பெரிய செலவு ஆகாது. கார் வாங்குபவர்கள் டெலிவரி எடுக்கும் நாளிலேயே அதைக் கேட்கத் தொடங்க வேண்டும்.