கேபிளைப் பிடுங்கும் காலம் போதும்

ஒரு கணினியில் மால்வேர் புகுந்துவிட்டது என்றால் நம்மில் பலர் இன்றும் முதலில் செய்வது, ரேக்கைத் தேடிப் போய்க் கேபிளைப் பிடுங்குவதுதான். கரையான்சாவடியில் ஆவடி சாலைப் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் நானும் பிடுங்கியிருக்கிறேன். பேட்ச் பேனலில் லேபிள் இருக்காது. எந்த ஒயர் எந்த மேசைக்குப் போகிறது என்று தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

பெரிய இடங்களுக்கும் மால்வேர்த் தொல்லை உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் தெரிவித்த மால்வேரை, இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. கூடங்குளம் பெயர் அடிபட்ட விவகாரம் அது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த கணினிதான் மாட்டியது. முக்கியமான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததாகக் கழகம் சொன்னது. பிரித்து வைத்ததுதான் காப்பாற்றியது.

அந்தப் பிரிவினையை நினைத்த நேரத்தில் மென்பொருளாலேயே போடலாம் என்பதுதான் எஸ்.டி.என். எனும் மென்பொருள்வழி வலைப்பின்னல் நமக்குத் தரும் வசதி. முடிவெடுப்பது கன்ட்ரோலர், பாக்கெட்டைத் தள்ளுவது மட்டும் சுவிட்ச். இதற்கு வழி திறந்தது, கன்ட்ரோலர் சுவிட்சோடு பேசும் முறையான ஓபன்ஃப்ளோ. அதைப் பற்றிய 2008 கட்டுரையை எழுதியவர்களில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் ஒருவர். 2013இல் வந்த ஃப்ரெஸ்கோ என்ற எஸ்.டி.என். பாதுகாப்புக் கட்டமைப்பு, ஸ்கேன் செய்யும் கணினியைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தும் வேலையைச் சிறுசிறு மாட்யூல்களைக் கோத்தே எழுதலாம் என்று காட்டியது.

எழுதுவது சுலபம். சிக்கல், ஒரே கன்ட்ரோலரில் இரண்டு அப்ளிகேஷன்கள் ஓடும்போது வருகிறது. 'அ' கணினி 'இ'யோடு பேசக்கூடாது என்று ஃபயர்வால் அப்ளிகேஷன் விதி போடுகிறது. இன்னொரு அப்ளிகேஷன், 'அ' அனுப்பி 'ஆ'வுக்குப் போகும் பாக்கெட்டுகளின் முகவரிகளை வழியில் மாற்றும் விதிகளைப் போடுகிறது. தனித்தனியே பார்த்தால் எந்த விதியிலும் குற்றமில்லை. சேர்ந்து ஓடினால் பாக்கெட் 'இ'யிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஃபயர்வாலுக்குத் தெரியாமலே. 2012இல் ஃபோர்ட்நாக்ஸ் குழு பிடித்துக் காட்டிய ஓட்டை இது. முகவரி மாற்றங்களையும் கணக்கில் எடுத்து மோதலைக் கண்டுபிடிப்பதும், பாதுகாப்பு அப்ளிகேஷனின் விதிக்கே முதலிடம் தருவதும் அவர்கள் சொன்ன தீர்வு. விற்க வருபவர் எவரும் இதைத் தானாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். கன்ட்ரோலர் விழுந்தால் தனிமைப்படுத்திய கணினி அப்படியே இருக்குமா, அவிழ்ந்துவிடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எந்த விதி எப்போது, யாரால் விழுந்தது என்று கன்ட்ரோலர் லாக் சொல்லாவிட்டால் அந்த 6 மணி நேரமும் தேடுவதிலேயே போய்விடும்.

முதலில் தனிமைப்படுத்தும் அப்ளிகேஷன் ஒன்றை மட்டும் எழுதுங்கள். வலைப்பின்னலைக் கணினிக்குள்ளேயே உருவாக்கிப் பார்க்க உதவும் மினிநெட் போட்ட ஒரு லேப்டாப் போதும். முகவரி மாற்றும் விதியை நீங்களே நுழைத்து அதை ஏமாற்றப் பாருங்கள். ஏமாந்ததா, ஏமாந்திருந்தால் எந்த விதியில் என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.