தெருவை எடுத்துக்கொண்டவர்கள்

மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், பட்டினப்பாக்கம் பக்கம் அடுக்ககங்களில் குடியிருக்கும் நாம், காரில் யாராவது சாவியால் கோடு போட்டுவிட்டால் உடனே சிசிடிவியைப் பார்க்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். எதிர் வரிசைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் என்று பேசி முடிக்கிறோம். விடியற்காலையில் கார் துடைக்க வரும் பையனை நிறுத்திவைத்து விசாரிக்கிறோம். “சார், அது போன வாரமே இருந்துச்சு சார்” என்று அவன் சொன்னால் நம்புவதில்லை. பம்பரின் எந்த மூலையில் எந்த உரசல் என்பது நம்மைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இத்தனையும் விசாரித்த நாம், அந்தக் கார் எங்கே நின்றுகொண்டிருந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

தெருவில்தான் நின்றது. வீட்டுக்கு ஒரு பார்க்கிங் என்று எழுதிக் கொடுத்துத்தான் ஃபிளாட்டை விற்றார்கள். இரண்டாவது வண்டி, அதுவும் பாதித் தெருவை அடைக்கும் பெரிய வண்டி வாங்கியபோது வாசலுக்கு வெளியே இருந்த இடத்தை எடுத்துக்கொண்டோம். எதிர் வரிசை வாரியக் குடியிருப்புப் பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி ஸ்டம்பாக்கி விளையாடிய இடம் அது. வெள்ளி நிற உறைக்குள் அந்த வண்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அதன்மேல் பந்து பட்டால் பால்கனியிலிருந்து சத்தம் போடுகிறோம். நம் கேட்டில் மட்டும், வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும் என்று பலகை மாட்டியிருக்கிறோம். பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்த சுவரோரத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தோம். அவர் எங்கே போய் உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, புதிதாகக் கட்டியவர்கள் எல்லோரும் மனையை மேடேற்றினோம். பட்ட அனுபவம் அப்படி. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேடேறிய கேட்டுக்குக் கார் ஏறச் சாய்தளம் வேண்டும். அதை நம் எல்லைக்குள் கட்டினால் ஒரு வண்டி நிற்கும் இடம் போய்விடும். அதனால் நடைபாதையைத் தாண்டித் தெருவுக்குள் நீட்டினோம். மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் வாய் அந்த சிமெண்டுக்கு அடியில் போயிற்று. பழைய தாரைச் சுரண்டாமல் ரோட்டின்மேல் ரோடு போட்டுக்கொண்டே வந்ததும் சேர்ந்துகொள்ள, எதிர் வரிசை வீடுகளின் வாசற்படி இன்று தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், நம் சரிவில் வழிந்த தண்ணீரும் அவர்கள் வீட்டுக்குள்தான் போயிற்று. கட்டில்மேல் அடுப்பை ஏற்றிவைத்துச் சமைத்தார்கள். கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் நம் ஜெனரேட்டர் ஓடியது. கட்டடத்தின் பெயர்ப்பலகை விளக்குகூட எரிந்தது. ஜெனரேட்டரின் புகைக்குழாயை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம் என்பது கட்டியவருக்கும் நமக்கும் தெரியும். செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தவர்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். அப்படி அனுப்பச் சொன்னது நாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயோர வீடுகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தார்கள். அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். நம் சமையலறைகளில் பாத்திரம் துலக்கிய பெண்கள் பலர் இந்த மாதிரிக் கரைகளிலிருந்து வந்தவர்கள்தான். வீடு போனவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நாளையிலிருந்து வேலைக்கு யார் வருவார்கள் என்பதுதான் நம் கவலையாக இருந்தது. அவர்களில் பலர் அங்கிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி இன்னும் மயிலாப்பூர்ப் பக்கம் வந்துபோகிறார்கள். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் வரிப்பணம் இப்படிப் போகிறதே என்று அலுத்துக்கொண்டவர்களும் நம் வீடுகளில் உண்டு.

2023 ஏப்ரலில் மெரினா லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்து மீன்கடைகள் போக்குவரத்தை மறிப்பதாக உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. குப்பத்து மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அது மீனவர்கள் வலை உலர்த்திய கரை. சாந்தோம் நெரிசலில் சிக்காமல் நம் வண்டிகள் போகத்தான் அந்த ரோடு பயன்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே கடைகளில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசும் நம் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து அவர்களுக்காக ஒரு மனுகூடப் போகவில்லை. அவர்களுக்கான புதிய மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதில் நம் பங்கு எதுவும் கிடையாது.

பணக்காரர்கள் பக்கத்தில் இருப்பதே ஏழைகளுக்குப் பிடிக்காது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். எதிர் வரிசையில் யாராவது தவணைக்குப் புல்லட் எடுத்து வந்தால், மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கும்போது தெருவே கூடி நிற்கிறது. நம் புது வண்டியையும் அப்படித்தான் சுற்றி வந்து பார்த்தார்கள்; விலை கேட்டார்கள்; “நல்லாயிருக்கு சார்” என்று மனதாரச் சொன்னார்கள். அந்த வண்டி அவர்களுடைய விளையாட்டு இடத்தையும் நடைபாதையையும் விழுங்கிய பிறகுதான் முகம் மாறியது. அவர்கள் புல்லட்டுக்குப் பூசை போட்ட அன்று நாம் யாரும் கீழே இறங்கிப் போகவில்லை.

சாய்தளத்தை இடித்து உள்ளே இழுத்துக் கட்டும் யோசனை சங்கக் கூட்டத்தில் வரத்தான் செய்தது. சரிவு செங்குத்தாகிவிடும், வண்டியின் அடிப்பாகம் உரசும் என்று தள்ளிவைத்தோம். வடிகாலின் வாய் இன்னும் அந்த சிமெண்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் கூட்டத்தைக் கூட்டி அந்தச் சாய்தளத்தை உடைக்கத் தீர்மானம் போட்டாக வேண்டும்; செலவும் நம்முடையதுதான்.