கஷாயமும் மாத்திரையும்

முழங்கால் வலி பால்வெட்டுத் தொழிலாளியின் கூடப்பிறந்த சொத்து. குனிந்து வெட்டியும் வாளி சுமந்தும் மேடு பள்ளம் ஏறி இறங்கியும் உழைத்தவருக்கு, நாற்பது வயதிலேயே மூட்டு முனக ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு அவர் என்ன செய்கிறார்? சந்தையில் வாங்கிய மூலிகைத் தூளை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் கடையில் வலி மாத்திரை வாங்கி அதன்மேல் விழுங்குகிறார். மறுநாள் விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்கிறார். இரண்டும் நல்லதுதானே, சேர்ந்தால் இரட்டை நன்மை என்பது அவர் கணக்கு. கணக்கெழுதும் கிராணிகளாகிய நாமும் நம் வீட்டில் இதே தவறான கணக்கைத்தான் போடுகிறோம்.

சித்தியவான் வட்டாரத்தில் நாம் அறிந்த தொழிலாளி ஒருவர் பல மாதம் இப்படிச் செய்தார். வலி பறந்தது, முகமும் பூரித்தது. "தூள் உடம்பில் ஒட்டுகிறது" என்று வீட்டார் மகிழ்ந்தனர். ஒருநாள் மலம் தார்போல் கறுத்துப் போய், வெட்டுக்காட்டிலேயே மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். "வேறு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டதற்கு "இல்லை" என்றார் நம்மவர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தூளை அவர் மருந்தாகவே எண்ணவில்லை! மூன்றாம் நாள் மனைவி பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகே டாக்டருக்கு விஷயம் விளங்கிற்று.

பதிவில்லாத 'பாரம்பரிய' மருந்துகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியை உடனே அடக்கும். நாளடைவில் முகத்தை உப்பவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை நலியச் செய்யும். அதனுடன் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் பன்மடங்காகிறது. நெடுநாள் சாப்பிட்டவர் அத்தூளைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, அவர் சொற்படியே நிறுத்த வேண்டும்.

கலப்படமில்லாத மூலிகையும் சாதுவென்று எண்ண வேண்டாம். அதிமதுரத்தை நாள்தோறும் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரைகளிலும் அழுத்தத்தை ஏற்றுபவை உண்டு. பாகற்காய்ச் சாறும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கக்கூடும். வெறும் வயிற்றோடு இருட்டில் கத்தி பிடிப்பவர் நிலை என்னாகும்? காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டு, கூடவே ஆஸ்பிரின் விழுங்குவோர் இருக்கின்றனர். அந்தக் காய்ச்சல் டெங்கியாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தப்போக்கை உண்டாக்கும். குடிநீர் குடித்தோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது அதனினும் கொடிது.

பாட்டி வைத்தியத்தை நாம் பழிக்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். எல்லா நோய்க்கும் ஒரே 'மிக்ஸர்' ஊற்றிய தோட்டத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அக்காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்குத் துணையாயிருந்தது நம் தாய்மாரின் கைவைத்தியமே. ஆனால் அவர்களே "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றும் சொல்லிவைத்தார்கள். நாமோ மூன்று மாதம் குடிக்கிறோம். போதாதென்று மாத்திரையையும் சேர்க்கிறோம்.

ஏன் இப்படி? அறியாமை மட்டும் காரணமன்று. கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே என்ற அச்சமே பெரிய காரணம். தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை நமக்கு உரிமையாக்கியிருக்கிறது. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. இது முதலாளி போடும் பிச்சையன்று. இந்த உரிமையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, கடைத்தெருவில் உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ போகும்போது வீட்டிலுள்ள தூள், லேகியம், மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியின்மேல் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் முத்திரையும் உண்டா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தின் பதிவெண் 'டி' என்ற எழுத்தில் முடியும். பெயரில்லாப் பொட்டலத்தைத் தொடாதீர்கள். கிராணித் தோழர்களே, படிக்கத் தெரியாத பெரியவருக்கு அந்த எழுத்தைப் படித்துச் சொல்வதும், நோய் விடுப்பை முகஞ்சுளிக்காமல் பதிவதும் நம் கடமை. டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா?" என்று அன்போடு கேளுங்கள். அதட்டினால் எங்கள் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

மறைத்த மருந்தே நஞ்சாகிறது. வாய் திறந்து சொல்வோம்; உயிரோடிருந்து உரிமை கேட்போம்.