விடைபெறுதலும் இருக்கையும்

ஆட்டக்காரர் ஒருவர் எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதைச் சலிக்கச் சலிக்க விவாதித்துவிட்டோம். அவர் விடைபெறும்போது அரங்கில் யார் அமர்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது நம் எண்ணம்.

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த வங்கதேச டெஸ்டை எடுத்துக்கொள்வோம். இந்தியா 144 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது களமிறங்கிய சென்னைக்காரர் அஸ்வின் 113 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தி ஆட்ட நாயகனானார். தம் ஊர் அரங்கில் அவர் ஆடும் கடைசி டெஸ்ட் அதுதான் என்று மாடங்களில் இருந்த எவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 18 அன்று, 106 டெஸ்டுகளும் 537 விக்கெட்டுகளும் கொண்ட அந்த வாழ்க்கை பிரிஸ்பேனில் ஒரு செய்தியாளர் சந்திப்பில் முடிந்தது. 2025 ஐபிஎல்லில் மஞ்சள் சட்டையுடன் அவர் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது ஆறுதல்தான். ஆனால் நான்கு ஓவர் வீசிவிட்டுப் போவது ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஈடாகாது.

ஓய்வு என்பது வீரரின் சொந்த முடிவு என்று சிலர் சொல்லக்கூடும். மறுக்கவில்லை. 2012 ஆகஸ்டில் லக்ஷ்மண் நியூசிலாந்துத் தொடருக்கான அணியில் இடம்பெற்றிருந்தார். முதல் டெஸ்ட் அவருடைய ஹைதராபாத்திலேயே நடக்க இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, ஆகஸ்ட் 18 அன்று, ஓய்வை அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். கைதட்டலுக்காக இன்னோர் ஆட்டம் ஆட வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. தேயும் முழங்கால் அவருடையது. கலையும் உறக்கமும் அவருடையதே.

ஆனால் முறைப்படி முன்கூட்டி அறிவித்து விடைபெற்றவர்களின் கதை என்ன? டெண்டுல்கரின் 200ஆவது டெஸ்ட் 2013 நவம்பரில் வான்கடேயில் நடந்தது. நாடே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த இடங்கள் ஏறக்குறைய 5,000 மட்டுமே. மற்றவை கிளப்புகள், உறுப்பினர்கள், விளம்பரதாரர்கள், விருந்தினர்கள் என்று பிரிந்துபோயின. வீரர் விடைபெறத் தயாராக இருந்தார். விடைகொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் இடமில்லை.

சேப்பாக்கத்தின் கதை வேறு விதமானது. 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டப்பட்ட ஐ, ஜே, கே மாடங்கள் கட்டட அனுமதிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டின்போதுதான் அவை மீண்டும் திறந்தன. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் உச்சமும் அந்தியும் அந்த வெற்று இருக்கைகளுக்கு முன்னால் கழிந்தன.

விக்கிரவாண்டி போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால் இந்த இழப்பின் அளவு தெரியும். சேப்பாக்கம் இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் டெஸ்டுக்கு விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். இரவு ஆட்டமென்றால் நள்ளிரவுக்குப் பின்னர்தான் திரும்பும் பேருந்தைத் தேட வேண்டும். 2024 ஐபிஎல்லில் சேப்பாக்கத்துச் சீட்டுகள் முழுக்க இணையத்துக்குப் போயின. முதல் ஆட்டத்துக்குக் குறைந்த விலை 1,700 ரூபாய். கூலி வேலை செய்யும் ஒரு ரசிகன் இரண்டு மூன்று நாள் சம்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாலும், நீட்டுவதற்குக் கவுன்ட்டர் இல்லை.

இழப்பு ரசிகனுக்கு மட்டுமல்ல. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தால்தான் சேப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த ரசனை ஐந்து நாள் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்தது. இணைய வரிசையில் முந்தியவருக்கும் இலவச அனுமதிச் சீட்டு பெற்றவருக்கும் அது தானாக வந்துவிடாது.

கோலி 2025 மே 12 அன்று டெஸ்டிலிருந்து விலகுவதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். ஐந்து நாள் கழித்துப் பெங்களூரு ஐபிஎல் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வெள்ளை டெஸ்ட் சட்டை அணிந்து வந்தார்கள். மழையில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. வழியனுப்பும் ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனவே நம் வேண்டுகோள் வீரர்களிடம் அல்ல, கிரிக்கெட் சங்கங்களிடம். ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு மாடத்தையாவது குறைந்த விலைக்கு, அன்றன்று காலையில், கவுன்ட்டரில் விற்கட்டும். யாருடைய கடைசி ஆட்டம் எது என்று முன்கூட்டித் தெரியாததால்தான் எல்லா டெஸ்டுக்கும் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. வீரர் சொல்லிக்கொண்டு போகலாம், சொல்லாமலும் போகலாம். அன்று வெளியூர்ப் பேருந்தில் வந்திறங்கிய சிலராவது அங்கே அமர்ந்து பார்த்திருக்க வேண்டும்.