ஸ்டியரிங் யார் கையில்? ஓட்டுநர் உரிமமும் நம் தெருப் பிள்ளைகளும்

1929ஆம் ஆண்டு. பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். தம் குடியிருப்புக்கு அவரை அழைத்துப்போக மகர் மக்கள் காத்திருக்கிறார்கள். தீண்டப்படாதவரை வைத்து வண்டி ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று குதிரைவண்டிக்காரர்கள் மறுத்துவிடுகிறார்கள். கடைசியில் வண்டி மட்டும் கிடைக்கிறது, வண்டிக்காரர் வரவில்லை. மகர்களில் ஒருவரே ஓட்டுகிறார். அவருக்குப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் கல் இடுக்கில் சிக்குகிறது. தூக்கி எறியப்பட்ட பாபாசாகேப்பின் கால் எலும்பு முறிகிறது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஓட்டத் தெரிந்தவன் ஓட்ட மறுத்தான். ஓட்ட முன்வந்தவருக்கு ஓட்டக் கற்றுத் தர ஆளில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று குதிரைவண்டி இல்லை. ஆனால் யாருக்கு முறையான பயிற்சி, யாருக்கு அரைகுறைப் பயிற்சி என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. “லைசென்ஸ் எடுப்பதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்கிறவர்களுக்காகவும், அடுத்த மாதம் லைசென்ஸ் எடுக்கப் போகிற நம் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

விதி சொல்வதும் நடப்பதும்

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு, அதாவது எல்எல்ஆருக்கு, 150 ரூபாய். அதற்கான தேர்வுக்கு 50. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு ஒவ்வொரு வகை வண்டிக்கும் 300. உரிமம் வழங்க 200. சேவைக் கட்டணம், அட்டைக் கட்டணம் என்று கொஞ்சம் கூடலாம். எல்எல்ஆர் தேர்வில் நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். சாலைக் குறியீடுகளையும் சைகைகளையும் ஒரு வாரம் படித்தால் எவரும் எடுத்துவிடலாம். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். கையில் வாங்கி 30 நாள் கழிந்த பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும்.

ஆக, அரசுக்குக் கட்ட வேண்டியது ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் நம் பிள்ளைகள் பல ஆயிரம் கொட்டுகிறார்கள். ஏன்?

தேர்வுக்கு வண்டியை விண்ணப்பிப்பவரே கொண்டுவர வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் கார் நிற்கிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அப்பாவோ மாமாவோ பக்கத்தில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுத் தருவார்கள், தேர்வன்று அதே காரில் போவான். நம் குடியிருப்பில் எத்தனை வீட்டு வாசலில் கார் நிற்கிறது? கார் இல்லாதவன் பயிற்சிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பள்ளிக்குப் போனால் பயிற்சி, வண்டி, படிவம், ‘ஆபீஸ் செலவு’ எல்லாம் ஒரே பொட்டலம். பிரித்து வாங்க முடியாது. அந்த ‘ஆபீஸ் செலவு’ எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. சட்டத்தில் இல்லாத ஒரு கட்டணத்தை, வண்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏழை கட்டுகிறான். ஏழைகளில் பெரும்பகுதி யார் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவ்வளவு கொடுத்தும் பயிற்சி கிடைக்கிறதா? இலகுரக வாகனப் பயிற்சி என்றால் குறைந்தது 21 நாள், அதில் சாலையில் கையால் ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி என்பது விதி. நடப்பது என்ன? ஒரு காரில் நான்கு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். கிளட்சும் பிரேக்கும் பயிற்சியாளரின் காலடியில். நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவர் ஓட்டுகிறார். பத்து நாளில் “நல்லா வந்துட்டப்பா” என்கிறார்கள். எட்டாம் நாளே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

முதல் நாள் கேள்வியையும் சொல்ல வேண்டும். “எந்த ஊர் தம்பி?” என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னால், “அங்க எந்தப் பக்கம்?” என்பார்கள். ரோட்டுக்குக் கிழக்கா மேற்கா என்பது கிளட்சை எப்படி மிதிப்பது என்பதற்கு எந்த வகையில் தேவை? அதற்குப் பிறகு ‘தம்பி’ என்பது ‘டேய்’ ஆகிறதா இல்லையா என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் என்றால் இன்னொரு படி கூடுதல் ஏளனம்.

பழக இடம் எங்கே?

இரு சக்கர வண்டிக்குப் பள்ளி தேவையில்லை, எல்லோரும் தானாகத்தானே பழகுகிறார்கள் என்பார்கள். எங்கே பழகுகிறார்கள்? ஊர் மைதானத்தில், களத்தில், அகலமான ஊர்த் தெருவில். அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்ற வழக்கம் நம் தாத்தாக்கள் காலத்தோடு முடிந்த கதையா? 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதிச் சேர்த்தார்கள். நடக்காத ஒன்றுக்குச் சட்டம் போடுவார்களா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காகவே தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கையை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமை வழக்கும் பதிவானது.

இந்த நாட்டில் நம் பிள்ளைக்கு இரண்டு தேர்வுகள். ஒன்று ஆர்டிஓ ஆபீஸில் கால் ஊன்றாமல் ‘எட்டு’ போடுவது. இன்னொன்று ஊர்த் தெருவைக் கால் ஊன்றாமல் கடப்பது. முதல் தேர்வுக்குத்தான் சான்றிதழ் தருகிறார்கள்.

உரிமம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இவ்வளவு தொல்லை எதற்கு, லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிக்கொள்ளலாம் என்று நம் பிள்ளைகள் பலர் இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்பு அது 500. வண்டியைக் கொடுத்தவருக்கும் 5,000. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. கூலி வேலைக்குப் போகிற தாய் தகப்பன் இதைத் தாங்குவார்களா?

அபராதத்தைவிடப் பெரியது இன்சூரன்ஸ். உரிமம் இல்லாதவர் ஓட்டி யாராவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு. 2004இல் சுவரண்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. வண்டி உரிமையாளரே விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால் அதுவும் இல்லை. 2022இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். சாவுக்கு வந்த வீட்டில் உரிமம் இருந்ததா என்று கேட்டு, இல்லையென்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொள்வதை நாங்கள் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே ‘தேர்வைக் கடுமையாக்கு’ என்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கடுமையாகவே வையுங்கள். மேடேற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள், ‘எச்’ போடச் சொல்லுங்கள், பின்னோக்கி ஓட்டச் சொல்லுங்கள். ஆனால் கடுமை ஏழைக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம், மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு, பஸ் செலவு, திரும்பவும் பள்ளிக்காரரிடம் வண்டி வாடகை. மாதச் சம்பளக்காரனுக்கு அரைநாள் லீவு, நமக்கு அடுப்பு எரியாத நாள்.

2021 முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் பயின்று தேர்ச்சி பெற்றால் ஆர்டிஓ தேர்வே வேண்டாம். ஏக்கர் கணக்கில் நிலமும் கணினிமயமான தடமும் வைத்திருப்பவர்கள்தான் அப்படி மையம் தொடங்க முடியும். நிலம் யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்ததுதானே? பணம் கட்டுகிறவனுக்குத் தேர்வு பயிற்சியோடு முடிகிறது. கட்ட முடியாதவன் வெயிலில் வரிசையில் நிற்கிறான்.

கிளீனர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு

கழிவுநீர் லாரியைப் பாருங்கள். ஸ்டியரிங்கில் ஒருவர், குழாயைப் பிடித்துக் குழிக்கருகே நிற்கிறவர் இன்னொருவர். குழியருகே நிற்கிறவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அவர் அந்தக் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறுவதற்கு இடையில் இருப்பது ஒரு கனரக உரிமம். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் மறுவாழ்வுச் சட்டம், மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையோடு தொழிற்பயிற்சி தரச் சொல்கிறது. ஓட்டுநர் பயிற்சியை அதில் முதலில் வைக்க என்ன தடை?

பொதுச்சரக்கு, பயணிகள் வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் நம் ஆட்களை வெளியே நிறுத்தியது. 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் இந்தச் செய்தி நம் தெருவுக்கு வரவில்லை. இன்றும் டி.சி. கொண்டுவா என்று திருப்பி அனுப்புகிற இடைத்தரகர்களைப் பார்க்கிறோம். அதேபோல, 7,500 கிலோவுக்குக் குறைவான மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. சின்ன சரக்கு வண்டிக்குத் தனி லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஆர்டிஓ ஆபீஸிலும் தேர்வுக்கென்று அரசு வண்டி இருக்க வேண்டும். வண்டி இல்லாதவர் சிறு கட்டணத்தில் அதிலேயே ஓட்டிக் காட்டலாம்.

2. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு, பெண்களை முன்வைத்து, 21 நாளும் 10 மணி நேரமும் குறையாத பயிற்சியை தாட்கோ தன் செலவில் தர வேண்டும். சான்றிதழ் மட்டும் தரும் பயிற்சி வேண்டாம்.

3. பயிற்சிப் பள்ளிகளின் கட்டணம், நேரம், பயிற்சிப் பதிவேடு ஆகியவை வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். சாதி கேட்கும் பயிற்சியாளர் மீது புகார் கொடுக்க வழி வேண்டும்.

4. துப்புரவுப் பணியாளர்களுக்குக் கனரக உரிமப் பயிற்சியும், உள்ளாட்சி ஓட்டுநர் பணியில் முன்னுரிமையும் வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு அம்பேத்கர் படிப்பகத்திலும் எல்எல்ஆர் கேள்விகளுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். பள்ளியில் சேர்ந்தால் ரசீது கேளுங்கள், ஓட்டிய நிமிடங்களை நோட்டில் குறியுங்கள். கற்றுக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் வளைவில் வரும் லாரியை நிறுத்தாது. தெருவில் ஓட்டத் தெரிந்த நான்கு பேர், தெரியாத நாற்பது பேருக்குக் கற்றுக் கொடுங்கள். கற்றுக் கொடுப்பவருக்கு உரிமம் இருக்கட்டும், வண்டியில் ‘எல்’ போர்டு இருக்கட்டும்.

ஸ்டியரிங் நம் கைக்கு வர வேண்டும். முறையாகக் கற்ற கைக்கு வர வேண்டும்.

ஜெய் பீம்.