உதிர்ந்த கேள்விக்குறி

விஞ்ஞானச் செய்தி ஒன்று வெளிவந்தால், "இதுவும் ஒரு கதைதான்" என்று சிரிக்கும் வாசகர் வன்னியிற் பலர். அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கும் ஆசிரிய நண்பர் சிலர் எனக்குண்டு. நான் அவ்வாறு ஒதுக்கத் துணியேன். அவர்தம் ஐயத்திற்குக் காரணம் இருக்கின்றது.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் தெரியவந்து, வவுனியாவின் உழவர் குடிகளையும் பற்றிக்கொண்ட நோய் அது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவரையும் அது வருத்துகின்றது. காரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை. 2011இல் ஆசனிக்கு என்றனர். 2013இல் கட்மியம் என்றனர். 2014இல் கிளைபோசேற்று என்னும் களைகொல்லியும் வன்னீரும் சேர்ந்து செய்யும் கேடு என்றனர். புளோரைட்டு, வெப்பம், போதிய நீர் அருந்தாமை என்று பட்டியல் இன்னும் நீளும். காலையிற் பத்திரிகையை விரிக்கும் கமக்காரன் இவற்றுள் எதை நம்புவான்?

ஆயினும், அந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள்; அது கேள்விக்குறியோடு முடிகின்றது. இவைதாமோ குற்றவாளிகள் என்று வினவிய ஆய்வாளர் முன்வைத்தது ஒரு கருதுகோள். செய்தி ஊர் வந்து சேர்வதற்குள் கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. 2015இல் களைகொல்லிக்குத் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது தளர்ந்தது. 2021இல் இரசாயன உரத்திற்கே தடை விதித்தபோது இந்நோயும் ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. சில மாதங்களில் அத்தடை நீங்கிற்று. அதற்குள் வயலிற் பயிர் வெளிறிவிட்டது. நட்டத்தைச் சுமந்தவன் ஆய்வாளனும் அல்லன், செய்தி எழுதியவனும் அல்லன்.

ஆகவே, ஐயுறுங்கள் என்றே மாணவருக்குச் சொல்வேன். ஆனால் சிரிப்பு ஐயமன்று. ஐயுறுபவன் வினவுவான்: எத்தனை கிணற்று நீரைச் சோதித்தார்கள்? எந்த ஊரில்? நோயில்லாத ஊரோடு ஒப்பிட்டார்களா? வேறொருவர் செய்துபார்த்தபோதும் அதே முடிவு வந்ததா? சிரிப்பவனோ பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு அதே கிணற்றில் நீர் அள்ளுகின்றான். இந்நோய் தொடக்கத்தில் நோவு காட்டாது. குருதியையும் சிறுநீரையும் சோதித்தாலன்றித் தெரியாது. எல்லாம் பொய் என்றிருப்பவன் அந்தச் சோதனைக்கும் போகமாட்டான் என்பதே என் அச்சம்.

வாரம் ஒருமுறை, பத்திரிகைச் செய்தி ஒன்றை வகுப்பில் வைத்து இவ்வினாக்களைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். விஞ்ஞான ஆசிரியர்தாம் செய்யவேண்டும் என்பதில்லை. கேள்விக்குறி தமிழாசிரியருக்கும் தெரிந்த ஒன்றுதானே.