அட்டைக்கு விலை உண்டு, எச்சில் இலைக்கு இல்லை: சிறு கடைகளின் குப்பை எங்கே சிக்குகிறது?

இரவு பத்தரை மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடைவரிசையின் பின்சந்துக்குச் சென்றால், அன்றைய வியாபாரத்தின் மிச்சத்தைப் பார்க்கலாம். மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகள் ஒரு பக்கம் கிடக்கும். விடிவதற்குள் யாராவது லோரியில் வந்து அவற்றை எடுத்துச் சென்றுவிடுவார்கள். பொரித்த எண்ணெய் நிரம்பிய டின்களுக்கும் ஆள் உண்டு. மீதி எல்லாம் கறுப்புப் பைகளுக்குள் போகும். எச்சில் இலை, சோறு, காய்கறித் தோல், டிஷ்யூ, உறிஞ்சுகுழாய், தேநீர் கட்டிய பிளாஸ்டிக் பை அனைத்தும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். அந்தப் பைக்கு எந்த வியாபாரியும் விலை பேச வருவதில்லை.

நாட்டின் மறுசுழற்சி நிலவரத்தை இந்தப் பின்சந்தே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. 2020-இல் 30.67 விழுக்காடாக இருந்த தேசிய மறுசுழற்சி விகிதம் 2023-இல் 35.38 விழுக்காடாகவும், 2024-இல் 37.9 விழுக்காடாகவும் உயர்ந்தது. 12-ஆவது மலேசியத் திட்டம் 2025-க்கு வைத்த இலக்கு 40 விழுக்காடு. ஏற்றம் உண்மைதான். ஆனால் அட்டை, இரும்பு, அலுமினியம், கெட்டிப் பிளாஸ்டிக் என விலை போகும் பொருள்களுக்குச் சந்தையே வழி கண்டுகொள்கிறது. விலை போகாத ஈரக் குப்பைதான் சிக்கிக்கொள்கிறது. 2012-இல் எடுக்கப்பட்ட அரசாங்க ஆய்வின்படி வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. வீட்டிலேயே இந்த அளவு என்றால், நாள் முழுவதும் சமைத்துப் பரிமாறும் உணவகத்தின் தொட்டியில் அதன் பங்கு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைப் பார்த்து வகுத்த ஏற்பாடு

2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672-ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசங்களும் அதை ஏற்றன. 2015 செப்டம்பர் 1 முதல் அங்கெல்லாம் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் என்ற 'இரண்டு கூட்டல் ஒன்று' முறை வந்தது. நம்மவர்கள் அதிகமாகக் கடை நடத்தும் சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்கள் அப்போது அதில் சேரவில்லை. அவை தனி வழியில் சென்றன. பினாங்கு 2016-இல் தனக்கென்று பிரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த ஏற்பாடு முதன்மையாகக் குடியிருப்புகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. கடையின் நிலை வேறு. பல இடங்களில் கடைக்காரர் தனியார் குத்தகையாளருக்குத் தொட்டிக் கணக்கிலோ நடைக் கணக்கிலோ பணம் கட்டுகிறார். வருகிற லோரி ஒன்றுதான். பகலில் பணியாளர் பிரித்து வைத்த இரண்டு பைகளும் இரவில் ஒரே லோரிக்குள் விழுவதைப் பார்த்துவிட்டால், மறுநாள் அவர் ஏன் பிரிக்கப் போகிறார்? சிறு வியாபாரிகளுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதற்கு முன், இந்தக் கேள்விக்கு ஊராட்சி மன்றங்கள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வேலை ஈரத்தைப் பிரிப்பது

இருந்தாலும் கடைக்காரர் கையில் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. நீலத் தொட்டியில் காகிதம், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் பிளாஸ்டிக்கும் உலோகமும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். உணவகத்திற்கு அதைவிட எளிய கேள்வி ஒன்று போதும்: ஈரமா, காய்ந்ததா? ஒரு கரண்டி குழம்பு கொட்டினால் ஒரு பை நிறைய உள்ள காகிதமும் கெட்டுவிடும். பிறகு அதை எந்தப் பழைய பொருள் வியாபாரியும் தொடமாட்டார்.

பிரிக்க வேண்டிய இடம் பின்சந்து இல்லை, மேசை துடைக்கும் இடம். இலையை மடித்து எடுக்கும்போதே டிஷ்யூவையும் உறிஞ்சுகுழாயையும் ஒரு வாளியிலும், இலையையும் சோற்றையும் இன்னொரு வாளியிலும் போட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும். இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போன ஒருவரைப் பைக்குள் கைவிட்டுப் பிரிக்கச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை. பணியாளர்களில் பலர் வெளிநாட்டவர் என்பதால், எழுதி ஒட்டும் அறிவிப்பைவிட இரண்டு நிற வாளியும் படமும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது பரிமாறும் முறை. வாழையிலைச் சாப்பாட்டில் காய்கறியும் சோறும் கேட்கக் கேட்கக் கிடைக்கும். அது நம் விருந்தோம்பல். ஆனால் பல கடைகளில் கேட்பதற்கு முன்பே கரண்டி இலையில் இறங்கிவிடுகிறது. 'பாகற்காய் வைக்கலாமா அண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் அரிசியும் காய்கறியும் மிஞ்சும். தொட்டி நிரம்புவதும் குறையும். தொட்டிக் கணக்கில் கட்டணம் செலுத்தும் கடைக்கு இது இரட்டை மிச்சம்.

தாப்பாவ் பொட்டலத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சிலாங்கூரில் 2017 ஜனவரி முதல் பொலிஸ்திரீன் உணவுப் பெட்டிக்குத் தடை வந்தது, பிளாஸ்டிக் பைக்கு 20 சென் கட்டணமும் வந்தது. பெட்டிக்குப் பதிலாகப் பல கடைகள் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறின. டப்பாவுக்குச் செலவு கூடுதல், குழம்பு ஒட்டியிருந்தால் மறுசுழற்சிக்கும் உதவாது. 'மக்கும்' என்று அச்சடித்த பொருள்களில் பல, அதற்கான வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மையத்தில்தான் சரியாக மக்கும். சாதாரணக் குப்பைமேட்டில் அந்த முத்திரையால் பெரிய பயன் இல்லை. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு டப்பாவின் விலையைக் கழித்துக்கொடுப்பது கடைக்கு நட்டமில்லாத வழி.

எண்ணெய், தோல், பூ

பயன்படுத்திய எண்ணெயை இன்று பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அது பயோடீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாறுகிறது. வடிகாலில் ஊற்றினால் உறைந்து அடைத்துக்கொள்ளும், எலியும் கரப்பானும் பெருகும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியைச் சுத்தம் செய்ய அடிக்கடி ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

சமைக்காத காய்கறித் தோலையும் கீரைத் தண்டையும் ஆடு மாடு வளர்ப்பவர்கள் விரும்பி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ரப்பர் வளையம், ஸ்டேப்பிள் முள், பிளாஸ்டிக் துண்டு எதுவும் கலந்திருக்கக் கூடாது. மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டுவதும் தவறு. சோறு அதிகமானால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். உரமாக்க விரும்பும் கடைகளுக்கு ஜப்பானியர் கோஜி தக்காகுரா உருவாக்கிய கூடை முறை இருக்கிறது. இந்தோனேசியாவின் சுராபாயாவில் தொடங்கி மலேசியாவிலும் பரவிய முறை அது. காற்றோட்டமுள்ள ஒரு கூடையும் நொதிக்க வைத்த உமி, தவிட்டுக் கலவையும் போதும்.

பூக்கடைகளுக்கும் இது பொருந்தும். வாழைநாரில் கட்டிய மாலை முழுதாக மக்கும். நைலான் நூலில் கட்டிய மாலையிலிருந்து நூலைப் பிரித்தெடுக்க யாரும் உட்காரமாட்டார்கள். அதனால் கோயிலில் வாடிய மாலையும் கறுப்புப் பைக்கே போகிறது.

குப்பை போய்ச் சேரும் இடம்

கோலாலம்பூரின் குப்பை உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் நிலநிரப்பு மையத்திற்குப் போகிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். அங்கே புதையும் உணவுக் கழிவு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். புக்கிட் தாகாரில் அந்த வாயுவின் ஒரு பகுதியைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் எல்லா மையங்களிலும் அந்த வசதி கிடையாது. நகரத்தில் விருந்து முடிந்ததும் அதன் நாற்றமும் லோரிகளின் ஓட்டமும் தோட்டப்புறத்துப் பக்கம் போய்ச் சேர்கின்றன. பட்டணத்துக் கடைக்காரர்களில் பலர் அந்தத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தாம்.

தனித்து ஒரு கடையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பது உண்மை. ஒரு கடையின் அரைத் தொட்டி இலைக்காக எந்த லோரியும் வராது. ஆனால் ஒரே வரிசையில் உள்ள ஆறு உணவகங்களும் இரண்டு பூக்கடைகளும் காய்கறிக் கடையும் சேர்ந்தால், நாளுக்கு ஒரு நடைக்கான சரக்கு தேறும். அந்த அளவு இருந்தால் உரம் தயாரிப்பவரிடமும் கால்நடை வளர்ப்பவரிடமும் பேசலாம். குத்தகையாளரிடம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். பிரிமாஸ் போன்ற உணவக உரிமையாளர் சங்கங்களும் வட்டார வர்த்தக சங்கங்களும் முன்னின்று செய்ய வேண்டிய வேலை இது.

ஊராட்சி மன்றங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உணவகங்கள் நிறைந்த வரிசைகளுக்கு ஈரக் குப்பைக்கென்று தனி லோரியை வாரத்தில் சில நாள்களாவது அனுப்ப வேண்டும். தீபாவளிச் சந்தைக் காலத்தில் ஒரு மாதம் சோதனையாகத் தொடங்கினாலும் போதும். பிரித்து வைத்தது பிரிந்தே போகிறது என்பதைக் கடைப் பணியாளர் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், இரண்டாவது வாளியில் எதைப் போட வேண்டும் என்று யாரும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.